கண்ணாடிக்குள் ரேந்தை, கைகள் எங்கே?

ஈழத்துத் தமிழர் வழங்கும் சொற்களுள் ரேந்தை ஒன்று, லேஞ்சி மற்றொன்று. இரண்டும் போர்த்துக்கேயரிடமிருந்து நம்மை வந்தடைந்தவை. "ரேந்தை வைத்த லேஞ்சி" என்னும்போது நானூறு ஆண்டு வரலாற்றை நாம் அறியாமலே உச்சரித்துவிடுகின்றோம். சொற்கள் நம்மிடம் தங்கிவிட்டன. ஆனால் அப்பொருளைப் பின்னியவர் யார், பின்னியதற்கு அவர் பெற்றது என்ன என்ற கேள்வி மட்டும் தங்கவில்லை. அக்கேள்வியையே இங்கு எழுப்புகின்றோம்.

அரும்பொருட்சாலையாயினும், கைப்பணிக் கடையாயினும், பாடசாலைக் கண்காட்சியாயினும், கையால் பின்னிய ரேந்தை பெரும்பாலும் ஒரே கோலத்தில் காட்சி தருகின்றது. கஞ்சியிட்டு விறைத்த கைலேஞ்சி ஒன்று நான்காய் மடிக்கப்பட்டு, அட்டையில் பசையிட்டு ஒட்டப்பட்டு, மூலைகளில் குண்டூசி குத்தப்பட்டுக் கிடக்கின்றது. அருகே விசிறி ஒன்று, அதன் மடிப்புகள் தாங்குமா என்று பாராமல், முற்றாக விரித்து ஆணியில் மாட்டப்பட்டிருக்கின்றது. கீழே ஒரு சீட்டு: இன்னார் அன்பளிப்பு, இன்ன சீமாட்டி பயன்படுத்தியது. கொடுத்தவர் பெயர் உண்டு. பிடித்தவர் பெயர் உண்டு. பின்னியவர் பெயர் இல்லை.

இதில் இரண்டு குற்றங்கள் உள்ளன. ஒன்று பொருளுக்கு இழைக்கும் குற்றம். மற்றொன்று ஆளுக்கு இழைக்கும் குற்றம். இரண்டும் ஓர் அலட்சியத்தின் இரு முகங்களே என்பது நம் வாதம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நாம் கடற்காற்றின் குணத்தை அறிவோம். மாரியில் சுவர் வியர்க்கும். கச்சான் வீசினால் மரம் வெடிக்கும். இத்தகைய ஊரில் இரும்புக் குண்டூசி துருப்பிடித்து நூலைத் தின்னும். பசை மஞ்சளித்து இறுகும். பின்பு அதைப் பிரிக்க முயன்றால் ரேந்தையே கிழியும். கஞ்சி பூச்சிகளுக்கு விருந்து. மடித்த இடத்தில் இழை முறியும். சன்னலோரத்து வெயில் மீதியை முடித்துவிடும்.

மாற்று வழி அரிதன்று. சாயம் கழன்று ஒட்டாத கருநிறத் துணியைத் துவைத்துக் கஞ்சி நீக்கி, அமிலமற்ற அட்டையில் இழுத்துப் பொதிந்து, அதன்மேல் லேஞ்சியை விரித்துவைத்து, மெல்லிய நூலால் ரேந்தையின் கண்களூடே தளர்வான தையலிட்டுப் பிணைத்தால் போதும். வேண்டும்போது அத்தையலை வெட்டி எடுக்கலாம். ரேந்தைக்கு ஊறு நேராது. விசிறியின் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்குவதால் அதன் ஒரு புறம் மற்றதைவிட உயர்ந்தே நிற்கும். ஆகவே அதற்குச் சாய்வாக உயரும் தாங்கி அமைக்க வேண்டும். மடிப்பு இணங்கும் அளவுக்கே அதை விரிக்க வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டலாகாது. சில திங்களுக்கு ஒருமுறை பேழையிலுள்ளதை உள்ளே வைத்து வேறொன்றை வெளியே வைக்க வேண்டும். இவற்றுக்குச் செல்வத்தினும் அக்கறையே மிகுதியாக வேண்டும். அக்கறை எங்கிருந்து வரும்? அப்பொருளுக்குள் ஓர் ஆளின் நாட்கள் அடங்கியுள்ளன என்று உணர்ந்தவனுக்கே அது வரும்.

அந்த ஆள் யார்? இலங்கையில் இக்கலையின் வீடு தென்கரை. காலி, வெலிகம, மாத்தறைப் பக்கத்துப் பெண்கள் இதனைப் பீரளு என்பர். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளைக் குறிக்கும் அச்சொல்லும் போர்த்துக்கேயத்தோடு உறவுடையது. உருண்ட திண்டின்மேல் துளையிட்ட மாதிரித் தாளைச் சுற்றி, ஊசிகளை நட்டு, குச்சிகளை இணை இணையாகக் கையில் எடுத்துப் பின்னுகின்றார்கள். அடிப்படை அசைவுகள் இரண்டே: குறுக்கே மாற்றுதல், முறுக்குதல். இவ்விரண்டிலிருந்தே பூவும் கொடியும் வலையும் பிறக்கின்றன. இசைக்கு ஏழு சுரம் என்றால் இக்கலைக்கு இரண்டு. ஒரு விரற்கடை அகலம் வளர மணிக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும்.

தமிழகத்திலும் இதற்கு வரலாறு உண்டு. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தைத் தமிழ் கற்றோர் எல்லாரும் அறிவர். அவருடைய மனைவி எலைசா இடையன்குடியில் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்ததை எத்தனை பேர் அறிவர்? எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் அதற்கு முன்பே, 1820களில், நாகர்கோயிலில் இத்தொழிலைத் தொடங்கியிருந்தார். அடிமைப் பெண்கள் சிலர் பின்னலால் ஈட்டிய காசைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். ஆணை வருமுன்னரே குச்சியும் நூலும் அவர்களுக்கு ஆணையாயின.

அதே தென் திருவிதாங்கூரில்தான், தாழ்த்தப்பட்ட பெண்கள் மேலாடை அணிவதற்குப் போராட நேர்ந்தது. 1859-இல்தான் அரச ஆணை அதற்கு ஓரளவு இடம் தந்தது. சீமாட்டியரின் மார்பை அலங்கரிக்கும் ரேந்தை பின்னப்பட்ட மண்ணில், தன் மார்பை மூட ஒரு பெண் அடிபட வேண்டியிருந்தது! இவ்வரலாற்றைச் சொல்லாத சீட்டு, அழகைக் காட்டும் சீட்டன்று. அநீதியை மூடும் சீட்டு.

உலகெங்கும் கதை இதுவே. நுண்ணிய சணல்நூல் உலர்ந்தால் முறியும் என்று, பிளாண்டர்ஸ் நாட்டுப் பெண்களை ஈரம் கசியும் நிலவறைகளில் இருத்திப் பின்ன வைத்தனர். 1840-இல் விக்டோரியா அரசியின் மணவுடைக்கு ரேந்தை பின்னியவர்கள் பியர் என்னும் மீனவக் கிராமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பெண்கள். மணமகளை உலகறியும், அவர்களை யார் அறிவார்? ஆந்திரத்து நரசாபுரத்தில் கொக்கியூசியால் ரேந்தை பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய ஆய்வு 1982-இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்கு உழைக்கும் அப்பெண்களை "வீட்டில் சும்மா இருப்பவர்கள்" என்று பெயரிட்டே அவர்தம் கூலியைக் குறைத்த தந்திரத்தை அந்நூல் வெளிச்சமிட்டது. உழைப்பைப் பொழுதுபோக்கு என்று அழைப்பது மொழிப்பிழையன்று. அது ஒரு வணிக முறை. நம் பாடசாலைகளில் தையல், பின்னல் என்றதும் "பெண்பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு" என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்த வணிகத்துக்குக் கூலியின்றித் தரகு வேலை செய்கின்றோம்.

மறுப்போர் மூவர். முதல்வர், "அழகை ரசிக்க அழகே போதும், கூலிக் கணக்கு எதற்கு?" என்பார். செய்யுளைக் கற்பிக்கும்போது புலவர் பெயரைக் கேட்கின்றோம். பெயர் தெரியாவிடில், பாட்டில் வந்த தொடரையே பெயராக்கிப் போற்றிய மரபு நம்முடையது. புலவருக்குச் செய்த மரியாதையைப் பின்னியவளுக்கு மறுப்பது ஏன்?

இரண்டாமவர் நம் அணியைச் சேர்ந்தவர். "இது அந்நியன் விட்டுச்சென்ற எச்சம், அழிந்தால் என்ன?" என்பார். அவருடைய சினம் நமக்குப் புரிகின்றது. 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கல்லில் கோட்டை எழுப்பியவர்களை இந்தத் துறைமுகம் மறக்கவில்லை. ஆங்கிலேயக் கடற்படை இங்கிருந்து நீங்கியதும் 1957-இல்தான். ஆயினும் கோட்டையை எழுப்பியது ஆதிக்கம். ரேந்தையைப் பின்னியது உழைப்பு. ஆதிக்கத்தின் மீதுள்ள சினத்தை உழைப்பின் மீது காட்டுவது முற்போக்கன்று. மேசையையும் சாவியையும் வைத்துக்கொண்டு ரேந்தையை மட்டும் நாடு கடத்துவோமா?

மூன்றாமவர் வணிகர். "இயந்திரம் மலிவாகத் தருகின்றதே!" என்பார். ஹீத்கோட் வலைத்துணி இயந்திரத்தை அமைத்தது 1808-09-இல். 1816-இல் லஃபரோ தொழிற்சாலையில் தொழிலாளர் அவருடைய இயந்திரங்களை உடைத்தனர். இயந்திரத்தை உடைக்கச் சொல்பவர்களல்லர் நாம். மலிவு வேண்டுவோர்க்கு இயந்திர ரேந்தை இருக்கட்டும். ஆனால் கைவேலை என்று விளம்பரம் செய்து, கைக்குரிய கூலியை மட்டும் இயந்திரத்தின் அளவுகோலால் அளப்பது களவு.

ஆகவே நாம் கோருவன தெளிவானவை. ரேந்தை ஒட்டப்படலாகாது, தைத்தே ஏற்றப்பட வேண்டும். பேழையில் முடிந்த லேஞ்சியின் அருகே பாதி பின்னிய திண்டும் குச்சிகளும் துளையிட்ட தாளும் இருக்க வேண்டும். சீட்டில் ஊர், காலம், பின்னிய முறை, பின்னியவர் பெயர் ஆகியன முதலிலும், கொடுத்தவர் பெயர் கடைசியிலும் வர வேண்டும். பெயர் தெரியாவிடில் "பின்னியவர் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை" என்று எழுதுக. அவ்வெற்றிடத்தையும் பார்ப்போர் காணட்டும். விற்பனைக்கு வைப்போர் விலையோடு, பின்னச் சென்ற மணிகளையும் பின்னியவர்க்குச் சேரும் தொகையையும் எழுதுக. கண்காட்சியில் பின்னிக் காட்ட ஒருவரை அமர்த்தினால், அவருக்குப் பூமாலையோடு நிறுத்தாமல் நாட்கூலி தருக. பாடசாலையில் இதைக் கற்பிப்போமாயின் ஆண்பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். இத்துறைமுகத்து மீனவர் வலை பொத்துவதைப் பார்த்து வளரும் பையனுக்கு நூல் முடிச்சு நாணத்தக்க வேலையன்று.

2018-இல் ஸ்லோவேனியா நாட்டின் குச்சி ரேந்தைப் பின்னலை யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. ரேந்தைத் துண்டுகளை மட்டுமன்று, பின்னும் அறிவையே அது மரபென்று ஏற்றது. நம் கரையின் சிங்களப் பெண்ணும் நாகர்கோயில் தமிழ்ப்பெண்ணும் அதே இரண்டு அசைவுகளால் பின்னியவர்கள். நூலுக்கு இனமில்லை; கூலி குறைந்தால் வலிக்கும் முதுகுக்கும் இனமில்லை.

அடுத்தமுறை ஒரு பேழையின்முன் நிற்கும் வாசகர், "எவ்வளவு அழகு!" என்று சொல்வதற்குமுன், "யார் பின்னியது?" என்று பொறுப்பாளரைக் கேட்பாராக. பலர் கேட்டால் சீட்டு மாறும். சீட்டு மாறினால் விலை மாறும். விலை மாறினால்தான் அடுத்த தலைமுறையில் அக்குச்சிகளை எடுக்க ஒரு கை இருக்கும்.