தையலும் சம்பாஷணையும்

பலர் கூடிச் செய்யும் வேலையில் பேச்சுப் புகுந்தால் வேலை கெடும் என்பது நம்மிடம் இளமை தொட்டுச் சொல்லப்பட்டு வரும் கொள்கை. வகுப்பறையில் ஆசிரியர் வாக்கும் அதுவே. அச்சுக்கூடத்தில் மேஸ்திரியின் வாக்கும் அதுவே. இக்கொள்கை முழுப் பொய்யன்று. ஆயினும் எந்த வேலையில், அவ்வேலையின் எந்தப் பகுதியில் என்று வினவாமல், எல்லாவற்றிற்கும் ஒருங்கே இதனை விதித்தல் தகாது என்பது நம் அபிப்பிராயம். இதனை விளக்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாதர் கைவேலை ஒன்றனை எடுத்துக்கொள்ளுகின்றோம். குவில்ட் என்னும் போர்வையைத் தைப்பதே அவ்வேலை. அங்கே தையற் சிநேகிதிகள் கூடுமிடந்தோறும் ஒரு முறையீடு எழுகின்றது. யார் என்ன தைக்கின்றார், எவ்வளவு முடிந்தது என்று பேசத் தொடங்கினால், பேச்சு வளர்கின்றதேயன்றித் தையல் வளரவில்லை என்பதே அது. குற்றவாளி பேச்சுத்தானா என்பதை நாம் சற்று விசாரிப்போம்.

குவில்ட் மூன்று அடுக்கு உடையது. மேலடுக்கு, சிறு சிறு துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து ஆக்கப்பட்டது, நடுவில் பஞ்சு, அடியில் பெரும்பாலும் ஒரே நிறத் துணி. இம்மூன்றும் நழுவாதபடி மேலிருந்து அடிவரை ஊடுருவிச் செல்லும் ஓட்டத் தையலாற் பிணைப்பர். இப்பிணைப்புத் தையலுக்கே குவில்டிங் என்று பெயர். வங்காளத்து மாதர் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பாட்டியின் பழம்புடவையை மடித்துத் தைத்த விரிப்பிற் கிடந்து வளர்ந்த நம் வாசகர்க்கு இது முற்றும் அந்நியமான பொருளன்று.

இவ்வேலையில் இரு பாதிகள் உண்டு. முதற்பாதி, துணியை அளந்து வெட்டி மேலடுக்கை இணைத்தல். இது கணக்கு. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்தல் வழக்கு. அக்கால் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு கூடினால் யாது நேரும் என்று பாருங்கள். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துண்டுகள் சேர்கின்றமையால், குறைவு 8-இல் ஒரு பங்காகின்றது. ஒரு வரிசையில் 16 துண்டுகள் இருப்பின் தையல்கள் 15. ஆகவே அவ்வரிசை ஏறத்தாழ 2 அங்குலம் குறுகிவிடும். அடுத்த வரிசை சரியாக அமைந்திருந்தால் இரண்டும் பொருந்தா. இத்தகைய வேலையின் நடுவில் ஒருத்தி தன் மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், கேட்பவள் கத்தரி தவறான கோட்டில் ஓடுவதில் வியப்பில்லை. வெட்டிய துணி மறுபடி கூடாது.

பிற்பாதியோ வேறு இயல்பினது. நான்கு நீண்ட மரக்கட்டைகளை இடுக்கிகளாற் சேர்த்துச் சட்டமாக்கி, அதில் மூன்று அடுக்குகளையும் இழுத்துக் கட்டுவர். தென் மாகாணங்களின் சிறு வீடுகளில் இச்சட்டத்தை உத்திரத்திலிருந்து கயிற்றால் தொங்கவிட்டு, இரவில் மேலே தூக்கி விட்டு அதன்கீழ்ப் படுத்து உறங்குவதும் உண்டு. மாதர் சட்டத்தின் இரு புறத்தும் எதிரெதிரே அமர்வர். கோடுகள் முன்னரே வரையப்பட்டிருக்கும். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக ஊசி சென்று வரும். அங்குலத்திற்கு எட்டுப் பத்துத் தையல் விழுந்தால் நல்ல கை என்பர். விரலுக்கு அங்குஸ்தான் உண்டு. கண்ணுக்கு வேலை குறைவு. கருத்துக்கோ மிகக் குறைவு. தத்தம் கைக்கெட்டிய தூரம் தைத்து முடிந்ததும், கட்டையைச் சுருட்டி அடுத்த பகுதியை முன்னே கொணர்வர்.

இச்சுருட்டலில் ஒரு நுட்பம் இருக்கின்றது. ஒருத்தி தன் பங்கை விரைந்து முடித்துவிட்டாலும் சட்டம் சுருளாது. மற்றெல்லாரும் முடித்தல் வேண்டும். மந்தமான கையுடையவளின் வேகமே எல்லாருடைய வேகமும் ஆகும். முந்தினவள் யாது செய்வாள்? ஒன்று, அடுத்தவளின் பகுதியில் ஊசியை நீட்டி உதவுவாள், அன்றேல் பேசுவாள். பெரும்பாலும் இரண்டையும் செய்வாள். எனவே இங்குப் பேச்சு வேலையினின்று களவாடிய பொழுதன்று. வேலையே உண்டாக்கித் தந்த பொழுது. மணிக்கணக்காக ஒரே அசைவைச் செய்யும் விரல்களைச் சட்டத்தை விட்டு எழாமற் பிடித்துவைப்பதும் அப்பேச்சே. தனியறையில் ஒருத்தி இதனைச் செய்ய நேர்ந்தால், மூன்றாம் நாளே போர்வை பெட்டிக்குள் போய்விடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கூட்டங்களைக் குவில்டிங் பீ என்று அழைத்தனர். பகலில் மாதர் தைப்பர். மாலையில் ஆடவர் விருந்துண்ண வருவர். சில இடங்களில் பாட்டும் கூத்தும் நடக்கும். ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் 1859-இல் வெளியிட்ட தம் நாவல் ஒன்றில் இத்தகைய கூட்டத்தை விரித்து வருணித்திருக்கின்றார். 1840-ஆம் ஆண்டுகளில், ஊரை விட்டு மேற்கே குடியேறிச் செல்லும் தோழிக்கு, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொருத்தி தன் பெயரை அழியாத மையால் எழுதி, அத்துண்டுகளை இணைத்துப் போர்வையாக அளிக்கும் வழக்கமும் பரவியது. மீண்டும் காண்போம் என்னும் நிச்சயம் இல்லாத அக்காலத்தில், அப்பெயர்கள் குளிருக்கு மட்டும் உதவியிரா.

இக்கூட்டங்களிற் புறங்கூற்று மலிந்ததன்றோ எனின், மலிந்திருக்கும், மறுப்பதற்கில்லை. சட்டத்தைச் சுற்றி எண்மர் இருந்தால் வராத ஒன்பதாமவளின் கதையும் அங்கே தைக்கப்படும். தவறாமற் கூட்டத்திற்கு வருவதற்கு அதுவே ஒரு தூண்டுதலாயிருந்தது போலும்! ஆனால் ஆடவர் திண்ணையிற் கூடினால் திருவாசகமா ஓதுகின்றனர்? புறங்கூற்றைக் காட்டி மாதர் கூட்டத்தை மட்டும் இழிப்போரை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

பேச்சில்லாத தையல் எப்படியிருக்கும் என்பதை எழுதிக் காட்டியவர் சூசன் கிளாஸ்பெல். 1900-இல் அயோவா மாகாணத்தில் நிகழ்ந்த ஒரு கொலையைப் பற்றிப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய அவர், அந்நினைவைக் கொண்டு 1916-இல் ‘டிரைபிள்ஸ்’ என்னும் சிறு நாடகத்தை இயற்றினார். கணவனைக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட ஒருத்தியின் வீட்டை அதிகாரிகள் சோதிக்கின்றனர். அவர்களோடு வந்த இரு மாதர் அடுக்களையில் நிற்கின்றனர். அங்கே முடியாத போர்வைத் துண்டுகள் கிடக்கின்றன. அவற்றிற் பல துண்டுகளில் தையல் ஒழுங்காயிருக்க, ஒன்றில் மட்டும் தாறுமாறாக ஓடியிருக்கின்றது. ஆடவர் அத்துண்டுகளைப் பற்றி நகையாடிவிட்டு வெளியே கொட்டிலுக்குச் செல்ல, மாதரோ அக்கோணல் தையலில் அவளுடைய தனிமையையும் அவள் மனம் குலைந்த வேளையையும் படித்துக்கொள்ளுகின்றனர். அண்டையில் இருந்தும் ஒருநாளும் வந்து பாராமற் போனோமே என்று அவ்விருவரில் ஒருத்தி வருந்துகின்றாள். எதிரில் அமர ஒரு சிநேகிதி இல்லாதவளின் ஊசி அவ்வாறு ஓடிற்று. பேச்சினாற் கெட்ட தையலை அனைவரும் எண்ணிக் காட்டுகின்றனர். பேச்சின்மையாற் கெட்ட தையலைக் கண்டு எழுதியவர் இவ்வம்மையாரே.

இனி, வேலையின் இரு பாதிகளையும் அவ்வவற்றிற்குரிய இடத்தில் வைத்து நடத்திய ஓர் ஊரைச் சொல்வோம். அலபாமா மாகாணத்து வில்காக்ஸ் ஜில்லாவில், அலபாமா ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் நிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் இருக்கின்றது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியார் அங்கே வாழ்கின்றனர். அவ்வூர் மாதர், மேலடுக்கை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியே தன் மனம் போனபடி இணைப்பர். மூன்றடுக்கையும் பிணைக்கும் வேலைக்கோ உறவினரும் அண்டை வீட்டாரும் கூடுவர். கூடினால் பேச்சும் உண்டு, பாட்டும் உண்டு. துணி கடைத்துணியன்று, கிழிந்த சட்டை, நிறம் வெளுத்த கால்சட்டை, மாவு வந்த சாக்கு. 1942-இல் மிசூரி பெட்வே என்னும் மாது, இறந்துபோன தம் கணவர் வயலில் உடுத்த உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை இணைத்தார். அதனைப் போர்த்துக்கொண்டு அவர் அன்பை நினைவு கூர்வதே அவ்வம்மையார் கருத்து. அத்தகைய மேலடுக்கைப் பலர் கூடிப் பேசிக்கொண்டு இணைக்க முடியுமோ?

1962-இல், நீக்ரோக்கள் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட அம்மக்கள், ஆற்றுக்கு அப்பாலுள்ள ஜில்லாத் தலைநகராகிய காம்டனுக்குச் சென்று வாக்காளராகப் பதிவு செய்ய முற்பட்டனர். உடனே படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கண்ணுக்கெதிரே தெரியும் நகருக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 40 மைல் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். பதிவு செய்தோரிற் பலர் குடியிருந்த வீட்டையும் உழுத நிலத்தையும் இழந்தனர். 1966-இல் பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் குருவானவரின் உதவியோடு, அவ்வட்டாரத்து மாதர் தாங்கள் தைத்த போர்வைகளை விற்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். பிரீடம் குவில்டிங் பீ, அதாவது விடுதலைத் தையற் கூட்டம், என்பது அதன் பெயர். நியூயார்க்கில் போர்வைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. சங்கம் பின்னர் நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டியதோடு, வீடிழந்த குடும்பங்களுக்கும் அந்நிலத்தில் மனை கொடுத்தது. இவையெல்லாம் தையற் சட்டத்தைச் சுற்றிய பேச்சில் முளைத்தன என்று நாம் துணிந்து கூறவில்லை. ஆனால் ஒருத்தி பிந்தினால் எல்லாரும் காத்திருத்தல் வேண்டும் என்பதை ஆண்டுக்கணக்காகச் சட்டத்தின் அருகே பழகியவர்க்கு, கூட்டுறவுச் சங்கம் என்பது புதிதாகக் கற்கவேண்டிய பாடமாக இருந்திராது.

வெளிக்கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் வந்தபின் வேறொரு தொல்லை புகுந்தது. 1972-இல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை கிடைத்தது. கூலி வந்தது, அது சிறிய நன்மையன்று. ஆயினும் ஒன்றைப்போல் ஒன்று அமையவேண்டும் என்னும் விதியும் உடன் வந்தது; மனம் போனபடி இணைத்த கைகளுக்கு அவ்விதி உவப்பாகவில்லை. அவ்வேலையில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் வழியே போர்வைகளாக்கினர் சிலர். 2002-இல் ஹியூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்திலும் மக்கள் திரண்டு பார்த்தவை, அளவுகோலுக்குத் தைத்த உறைகளல்ல; ஜீஸ் பெண்ட் மாதர் தங்களுக்கென்று ஆக்கிய போர்வைகளே. 2006-இல் அவற்றிற் பத்து, தபால் தலைகளாக வெளிவந்தன. அதே ஆண்டிற்றான் படகும் திரும்ப ஓடத் தொடங்கிற்று. கூட்டுறவுச் சங்கம் 2012-இல் மூடப்பட்டது.

இன்றைய தையற் சிநேகிதிகளின் முறையீட்டுக்கு வருவோம். இப்பொழுது பலர் மேலடுக்கை மட்டும் தாமே இணைத்து, பிணைக்கும் வேலையைக் கூலி கொடுத்து நீண்ட கையுடைய பெரிய இயந்திரம் வைத்திருப்போரிடம் ஒப்புவித்து விடுகின்றனர். அதே சமயம், சனி ஞாயிறுகளில் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்திற் கூடி, அங்கே அமர்ந்து துண்டுகளை இணைக்கின்றனர். நடந்தது யாது? பேச்சை விரும்பி வரவேற்கும் பாதி இயந்திரத்திற்குப் போயிற்று. பேச்சைப் பொறாத பாதி கூட்டத்தின் நடுவே வந்து அமர்ந்தது. கால் அங்குலம் தவறுகின்றது, பிரித்துத் தைக்கின்றனர், பழி பேச்சின் மீது விழுகின்றது. ஜியாமிதிக் கணக்கை நால்வர் கூடி அரட்டையின் நடுவே போட்டுவிட்டு, விடுதியில் சத்தம் மிகுதி என்று முறையிடும் நம் மாணவ நண்பர்களும் இதனை அறிவர்.

பேச்சல்லாத கவனச்சிதறல்கள் வேறு உண்டு. தைப்பதற்கென்று துணி வாங்கி, அத்துணி அலமாரியில் மலையாகக் குவிய, மேலும் வாங்குதல் ஒன்று. பழைய போர்வை முடியுமுன் புதிய மாதிரியைத் தொடங்குதல் மற்றொன்று. இவ்வாறு முடியாமற் கிடப்பவற்றிற்கு அமெரிக்க மாதர் யூ.எப்.ஓ. என்று நகைச்சுவையாகப் பெயர் சூட்டியுள்ளனர். முடியாத பொருள் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை; வானிற் பறக்கும் இனந்தெரியாத தட்டுகளுக்கும் அவ்வெழுத்துகளே பெயர். கைபேசியோ எல்லாவற்றினும் பொல்லாதது. பிறர் முடித்த அழகிய போர்வைகளின் படங்களை அதிற் பார்த்துக்கொண்டே ஒருத்தி தன் மாலைப்பொழுதைப் போக்கிவிடலாம். எதிரில் அமர்ந்த சிநேகிதியின் பேச்சைப்போலன்றி, அது கையையும் கண்ணையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுகின்றது. சிநேகிதியிடம், உன் போர்வை என்னாயிற்று என்று கேட்கும் வாயாவது உண்டு.

பத்தடிச் சட்டத்தை இக்காலத்துச் சிறு வீடுகளில் எங்கே வைப்பது, கையால் தைக்கப் பொழுது எங்கே என்று கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் அதற்கு விடை கண்டோரும் உளர். லூத்தரன் சபைகளைச் சேர்ந்த மாதர், உலகின் பல பாகங்களில் அல்லலுறுவோர்க்கு லூத்தரன் உலக நிவாரணச் சங்கத்தின் வழியாக ஆண்டுதோறும் போர்வைகள் அனுப்பி வருகின்றனர். அப்போர்வைகளுக்கு ஓட்டத் தையல் இடுவதில்லை. கோயிலைச் சேர்ந்த கூடத்து மேசைமேல் மூன்றடுக்கையும் விரித்து, சில அங்குலத்திற்கு ஒரு முறை கெட்டி நூலைக் கோத்து முடிச்சிட்டு விடுவர். நுண்கலை நோக்கில் இது குறைவே. ஆனால் விரைவில் முடியும். எத்துணை மந்தமான கையும் முடிச்சிட வல்லது. கண் மங்கிய முதியோரும் மேசையின் ஒரு மூலையில் அமரலாம். துண்டுகளை வெட்டி இணைப்பதைச் சிலர் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருகின்றனர். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே, பேரன் பரீட்சை எழுதியதும் அடுத்த வீட்டுக்காரர் நோயுற்றதும் பேசப்படுகின்றன. போர்வையும் முடிந்து கட்டில் ஏறுகின்றது.