மிதிவண்டியில் எஸ்பிரசோ: படிப்புக்கு வேலை உண்டு

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை அங்காடி வியாபாரம் செய்யப் போகிறேன் என்றால், "படித்தது இதற்குத்தானா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. மிதிவண்டியில் எஸ்பிரசோ காப்பி விற்பதையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் படிப்பு நிறையவே தேவை என்பேன் நான்.

எஸ்பிரசோவுக்கு ஏறத்தாழ 93 பாகை செல்சியஸ் சூடும் 9 பார் அழுத்தமும் வேண்டும். சாதாரண மனிதர் தொடர்ந்து மிதித்தால் சுமார் 100 வாட் ஆற்றல் கிடைக்கும். அதைக்கொண்டு ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர, இழப்பே இல்லாவிட்டாலும் 44 நிமிடம் மிதிக்க வேண்டும். ஆகவே, கால் வண்டியை நகர்த்தட்டும். நீரை எரிவாயு அடுப்பு சூடாக்கட்டும். அழுத்தத்திற்கு மின்சாரம் வேண்டாம். கையால் இழுக்கும் நெம்புகோல் இயந்திரம் போதும். இவையெல்லாம் இடைநிலைப்பள்ளி இயற்பியல்தானே!

அடுத்தது சட்டம். ஊராட்சி மன்ற உரிமம், உணவு கையாளுவோர் பயிற்சி, தைபாய்டு தடுப்பூசி ஆகியவை முதலில் வேண்டும். உரிமமின்றி இறங்கினால் போட்ட முதலே பறிபோகலாம். பிறகு கணக்கு: காப்பிக்கொட்டை, பால், எரிவாயு, மழையால் வியாபாரமில்லாத நாள்கள் அனைத்தையும் சேர்த்தே ஒரு குவளையின் விலையை முடிவு செய்ய வேண்டும்.

மிதிவண்டியில் ரொட்டி விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் நம்மில் உண்டு. அந்த உழைப்போடு இன்றைய படிப்பும் சேரட்டும். பள்ளிகள் இத்தகைய சிறுதொழிலை மாணவர் செயல்திட்டமாக்கலாம்.

பெற்றோரே, பிள்ளை வண்டி மிதிக்கிறானே என்று வருந்துமுன், அவனுடைய கணக்கேட்டைக் கேட்டுப் பாருங்கள்.