கெரம் அறையை மூட விடலாமா?



கொட்டாஞ்சேனையில் நம் பிள்ளைகள் பின்னேரங்களில் கூடும் கெரம் அறையை மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நடத்துபவர்களைக் குறை சொல்ல முடியாது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியது. பிறகு குறைத்தார்கள்தான், ஆனால் வாடகையும் போர்ட் விலையும் இறங்கவில்லையே.

"பிள்ளைகளிடம் கூட எடுங்கள்" என்கிறார்கள் சிலர். எடுத்தால் முதலில் நிற்கப்போவது, ஒற்றை அறை வீட்டிலிருந்து வரும் பிள்ளைதான். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகாது, சந்திக்குத்தான் போகும். அங்கே ஐஸ் விற்பவன் காசு கேட்காமலே கூப்பிடுவான்.

சென்னையில் ஓட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, தன் பகுதியிலிருந்த சிறிய கெரம் மையத்தில் பழகியவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் 3 தங்கம் வென்றார். நம் பிள்ளைகள் எல்லோரும் தங்கம் வெல்ல வேண்டாம். இரவு எட்டு மணிவரை பத்திரமாக இருந்தால் போதும்.

ஆகவே பிள்ளைகளுக்குப் பழைய கட்டணமே இருக்கட்டும். உழைக்கிற நாங்கள் மாதம் 500 ரூபா போடுவோம். 40 பேர் சேர்ந்தால் 20,000. கரண்ட் பில்லுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் காணும். வரவு செலவைக் கதவிலே ஒட்டுவோம். காசு வைத்து ஆடுவதற்கு மட்டும் இடமில்லை.

வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு அறையிலே கூடுவோம். எந்த மதமானாலும் வாருங்கள். பிள்ளைகள் நம் எல்லோருடையவர்கள்.