ஓக்காம் ஓக்கு!

மக்களே, இது கொஞ்சம் வயித்தெரிச்சல் பதிவு. பொறுத்துக்கோங்க.

மைசூருக்குப் பொட்டி தட்ட வந்து எட்டு வருசம் ஆச்சு. பொழுது போகாம சின்னதா ஒரு கடைசல் மிஷின் வாங்கி வெச்சிருக்கேன். சின்னவளுக்கு நம்ம அம்பாசமுத்திரம் மாதிரி செப்புச் சாமான் கடைஞ்சு தரலாம்னு ஒரு மரக்கடையில துண்டு கேட்டேன். வெளிர் சிவப்பு, மேல பல்லித்தோல் மாதிரி பளபளன்னு புள்ளி. "ஓக் சார், ஃபாரின் ஐட்டம்"னாரு. நானும் பல்லைக் காட்டிட்டு வாங்கிட்டு வந்தேன்.

ரெண்டாம் நாள் முழங்கை வரைக்கும் கொப்புளம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மரம்?" ஓக்னு சொன்னேன். அவரும் ஓக்னு எழுதிக்கிட்டார். தங்கமணி பார்த்த பார்வை இருக்கே!

திரும்ப வந்து குறுக்குவெட்டை பிளேடால சீவி, பத்து மடங்கு லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். சக்கரத்து ஆரக்கால் மாதிரி அகலமான கோடுகள் ஓக்லயும் உண்டு, இதுலயும் உண்டு. ஏமாற்றமே அங்கதான். ஆனா ஓக்ல வருச வளையத்துக்கு வளையம் பெரிய துளைகள் வரிசையா நிக்கும். இதுல அது இல்லை. ஆரக்காலுக்கு நடுவே தோரணம் கட்டினாப்ல தொங்குற கோடுகள்தான். கடைக்குப் போய்க் கிடுக்கிப்பிடி போட்டதும் உண்மை வந்துச்சு: குடகு காபித் தோட்டத்துல மிளகுக்கொடி ஏத்தின மரம். அட, நம்ம சில்வர் ஓக்! கிரெவில்லியா ரோபஸ்டா. ஓக்குக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிட்னி, பிரிஸ்பேன் மக்களே, உங்க தெருவுல ஆரஞ்சுக் கலர்ல பூக்குமே சில்கி ஓக், அதேதான்.

அதுல இருக்கற கிரெவிலால், முந்திரிக்கொட்டை ஓட்டுப்பால்ல இருக்கற எரிச்சல் பொருளுக்குப் பங்காளி. எல்லாருக்கும் ஒத்துக்காதுன்னு இல்லை, சிலருக்குத்தான். அந்தச் சிலர்ல என் பொண்ணு இருந்திருந்தா?

"வியாபாரிக்கு தாவரவியலா தெரியும்?"னு ஒரு நண்பர் கேக்கறார். தாவரவியல் வேணாம் சாமி, எந்தத் தோட்டத்துல வெட்டினதுன்னு அவருக்குத் தெரியும்ல, அதைச் சொல்லட்டும். 1790 வாக்குலயே திப்பு நந்தி மலையில யூகலிப்டஸ் நட்ட ஊருய்யா இது! இருநூறு வருசத்துக்கு மேல ஆஸ்திரேலிய மரத்தோட குடித்தனம் பண்ணிட்டு, இன்னும் கலரைப் பார்த்துப் பேர் வெக்கறோம். படிச்ச நாம மட்டும் ஒழுங்கா? போட்டோவை அனுப்பி "இது என்ன மரம்?"னு கேக்கறோம், நாலு பேர் நாலு பேர் சொல்றாங்க, பிடிச்சதை எடுத்துக்கறோம். பெங்களூர்ல மர அறிவியல் நிறுவனம் இருக்கு, துண்டைக் கொடுத்தா பார்த்துச் சொல்றாங்க. எத்தனை பேர் போயிருக்கோம்?

போற வழியில சென்னப்பட்டணா. அங்க பொம்மைக்கு ஆலெ மரம். ஆலமரம் இல்லீங்க, நம்ம வெப்பாலை. காலங்காலமா குழந்தைங்க கையில புழங்கின மரம்.

செப்பு பாதியில நிக்குது. சனிக்கிழமை சென்னப்பட்டணா போறேன். இந்தத் தடவை இலையையும் காட்டச் சொல்லிதான் வாங்குவேன் :-)