அம்மாவுக்கு ராட்டினம் எதுக்கு?

தலைப்பு என்னுது இல்லை. போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில பெரியம்மா கேட்டது. "அவளுக்கு என்ன ஞாபகமா இருக்கப் போகுது? வீல்சேர்ல வெச்சு பார்க்குக்கெல்லாம் தள்ளிக்கிட்டுப் போய்... பாவம்டா!" அப்ப என் வாயில பாயசம் இருந்தது. பதிலை இங்க சொல்றேன்.

அம்மாவுக்கு 76 வயசு. நாலு வருஷமா டிமென்ஷியா. போன வருஷம் மந்தைவெளி வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சதுலேருந்து வீல்சேர். சில நாள் என்னைத் தன் தம்பின்னு நினைச்சுப்பாங்க. காலையில சாப்பிட்டது மதியம் ஞாபகம் இருக்காது.

ஆனா கொசுவத்தி மட்டும் அழகா சுத்தும். 1980-கள்ல முழுப்பரீட்சை லீவுல எங்களை வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க அசையாம நிப்பாரே சிலை மனிதர், அவரைச் சிரிக்க வைக்க அம்மா பண்ணின சேட்டை கொஞ்ச நஞ்சமில்லை. இன்னிக்கும் வாரத்துல ரெண்டு தடவையாவது கேப்பாங்க: "அந்தச் சிலைக்காரன் கடைசியில சிரிச்சானாடா?"

அதைக் கேட்டுக் கேட்டுத் தங்கமணிதான் ஆரம்பிச்சாங்க, "ஒரு நாள் எங்கயாவது பார்க்குக்குக் கூட்டிட்டுப் போலாமே." சரின்னு போனை எடுத்தேன். நான் பேசினது சிலை மனிதர் நின்ன இடம் இல்லை, வேற பார்க். பேர் வேண்டாம்.

"வீல்சேர் இருக்கா?"

"இருக்கு சார்."

"டாய்லெட்?"

"வீல்சேர் போற மாதிரியே இருக்கு சார். லேடீஸ் டாய்லெட் உள்ள."

"நான் அவங்க பையன். நான்தான் தூக்கி உக்கார வைக்கணும். நான் எப்படி உள்ள வர்றது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "லேடீஸ் யாராவது கூட வந்தா நல்லது சார்."

மறுபடி படிங்க. ஏக்கர் கணக்குல நிலம் இருக்கு, மனுஷனைத் தலைகீழாத் தொங்கவிட்டு இறக்கற மெஷின் இருக்கு, செயற்கை அலை இருக்கு. மகன் தன் அம்மாவை பாத்ரூம் கூட்டிட்டுப் போக ஒரு கதவு இல்லை. மனைவியைப் பார்த்துக்கற எழுபது வயசுக் கணவருக்கும் இதே கதிதான். அம்மாவை வீட்டுலேயே உக்கார வைக்கிறது அவங்க வியாதின்னு ஊர் நினைக்குது. எங்க விஷயத்துல குறுக்க நின்னது பாத்ரூம் வாசல்.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'பொதுக் கட்டடம்'னு சொல்றதுல தனியார் கட்டடமும் சேர்த்தி, பொழுதுபோக்கு இடமும் சேர்த்தி. ஏற்கெனவே இருக்கற கட்டடங்களை எல்லாரும் பயன்படுத்தற மாதிரி மாத்த, விதிகள் வந்ததுலேருந்து 5 வருஷம் கெடு குடுத்தாங்க. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிஞ்சது 2022 ஜூன். எந்தப் பாலினத் துணையோடவும் போகக்கூடிய பொது டாய்லெட் ஒண்ணு இருக்கறது நல்லதுன்னு மத்திய அரசோட 2016 வழிகாட்டு நெறிமுறை சொல்லுது. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம், வெறும் 'வழிகாட்டுதல்' பத்தாது, கட்டாய விதி கொண்டு வாங்கன்னு மத்திய அரசுக்குச் சொல்லிடுச்சு. இங்கிலாந்துல 2021-லேருந்து புதுசாக் கட்டற பெரிய பொதுக் கட்டடங்கள் பலதுல, பெரியவங்களைப் படுக்க வெச்சுத் துணி மாத்தற மேடையோட தனி அறையே கட்டாயம்.

இன்னொரு கூத்து. நம்ம சட்டத்துல 21 வகைக் குறைபாடு பட்டியல் இருக்கு. பார்க்கின்சன்ஸ் இருக்கு. டிமென்ஷியாங்கிற பேர் இல்லை. 2023-ல வெளியான தேசிய ஆய்வுப்படி இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. சுமார் 88 லட்சம் பேர். அவ்வளவு பேரும் எங்க? அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்துல பார்த்திருக்கீங்களா? பனகல் பார்க்ல? வீட்டுக்குள்ள, ஃபேனுக்குக் கீழ, டிவி முன்னால இருக்காங்க.

சரி, பெரியம்மா கேள்விக்கு வருவோம். ஞாபகம் இருக்காதுதான். ஒத்துக்கறேன். என் பதில் கேள்வி: உங்க ரெண்டு வயசுப் பேரனை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போய் அலையில கால் நனைச்சீங்களே, அது அவனுக்குப் பெரியவனானதும் ஞாபகம் இருக்குமா? இருக்காது. அதுக்காக யாராவது குழந்தையை வீட்டுல பூட்டி வைக்கிறோமா? அவன் அப்ப சிரிச்சான், அது போதும்னுதானே தூக்கிட்டுப் போனீங்க? அந்த நியாயம் அம்மாவுக்கு மட்டும் ஏன் செல்லாது?

இது வெறும் சென்டிமென்ட் இல்லை. 2014-ல அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்கு சோகப் படக்காட்சி, சந்தோஷப் படக்காட்சின்னு தனித்தனியாப் போட்டுக் காமிச்சாங்க. கொஞ்ச நேரத்துல பார்த்தது பெரும்பாலும் மறந்து போச்சு. ஆனா அந்த சோகமும் சந்தோஷமும் அரை மணி நேரம் வரைக்கும் மனசுல நின்னுது. எதுக்குன்னு தெரியாமலே சந்தோஷமா இருந்தாங்க. நாம எரிஞ்சு விழுந்தா என்ன ஆகும்னு இதுலேருந்து நீங்களே யோசிச்சுக்கோங்க.

என் தப்பையும் சொல்லணும். இடுப்பு உடையறதுக்கு முன்னாடி ஒரு தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அம்மாவை பாண்டி பஜாருக்குக் கூட்டிட்டுப் போனேன். கூட்டம், ஸ்பீக்கர், லைட். நடைபாதையிலேயே உக்காந்து "என்னை எங்கடா கொண்டு வந்தே"ன்னு அழுதாங்க. அது அவங்களுக்காகப் போனது இல்லை, 'அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போறேன்'னு நான் காமிச்சுக்கப் போனது. கூட்டிட்டுப் போறதுன்னா அவங்க உடம்புக்கும் மனசுக்கும் ஏத்த மாதிரி பிளான் பண்ணிக் கூட்டிட்டுப் போறது.

இந்தத் தடவை பண்ணினோம். பொழுது சாய்ஞ்சா அம்மாவுக்குக் குழப்பம் கூடும். அதனால செவ்வாய்க்கிழமை காலையில 10 மணிக்கு கேட், ரெண்டு மணிக்குள்ள வீடு. அடையார்லேருந்து தங்கச்சி லீவு போட்டுட்டு வந்தா, அந்த லேடீஸ் டாய்லெட்டுக்காக மட்டும். அம்மா ஜாக்கெட்ல என் போன் நம்பர் எழுதின சீட்டு. ஒரே ஒரு ரைடு. குட்டி ரயில். அதை ஓட்டின பையன், "பாட்டி, கம்பியைப் புடிச்சுக்கோங்க"ன்னு சொல்லி ரெண்டு ரவுண்டும் ஊர்ந்தே ஓட்டினான். அந்தப் பையனுக்கு இருக்கற அறிவு கட்டடம் கட்டினவங்களுக்கு இல்லை. அம்மா எதிர்ல வந்த குழந்தைங்களுக்கெல்லாம் கையாட்டினாங்க.

மறுநாள் கேட்டேன், "நேத்து எங்கம்மா போனோம்?" "எங்கயும் போகலையே!" ஆனா அந்த சாயங்காலம், தினமும் வாசலைப் பார்த்து "வீட்டுக்குப் போணும்"னு அழுவாங்களே, அது இல்லை. ஒரே ஒரு சாயங்காலம். எனக்கு அது போதும் பெரியம்மா.

பார்க் முதலாளிங்க கிட்ட கேக்கறது ரொம்ப இல்லை. ஆண் பெண் யார் வேணும்னாலும் துணைக்குப் போற மாதிரி தனி வாசலோட ஒரு டாய்லெட். ஸ்பீக்கர் சத்தம் இல்லாத ஒரு நிழல். ஒரே ரைடு போறவங்களுக்கும், தள்ளிக்கிட்டு மட்டும் வர்றவங்களுக்கும் முழு டிக்கெட் வாங்காம இருக்கறது. 2022 நவம்பர்ல மெரினா மணல் மேலயே 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாச்சு, திருப்பிச் சரி பண்ணினாங்க. மணல்ல பாதை போட முடியும், சிமெண்ட் சுவத்துல ஒரு கதவு வைக்க முடியாதா?

நம்ம ஆட்களுக்கும் ஒண்ணு. அன்னையர் தினம் வந்தா அம்மாவைப் பத்தி உருகி உருகிப் பதிவு போடறோம். நல்லது. அந்த அம்மா கடைசியா எப்ப வாசப்படி தாண்டினாங்கன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுவோமே?

உங்க ஊர்ல அப்படி ஒரு டாய்லெட் இருக்கற பார்க், பீச், கோயில் எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லுங்க. இன்னொருத்தர் அம்மாவுக்கு உதவும்.

பி.கு: பெரியம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதிட்டேன் :-) படிச்சா, அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்களும் வாங்க பெரியம்மா. டிக்கெட் நான் எடுக்கறேன்.