30க்கு 18

வெல்லாவெளிச் சகோதரி ஒருவர் தாயின் கிளினிக் துண்டைக் காட்டினார். "30க்கு 18 அக்கா. அம்மாவுக்கு மறதி நோய்தானா?"

அந்தப் புள்ளி மட்டும் அதைச் சொல்லாது. 1975இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தச் சோதனையில் திகதி கேட்பார்கள். 100இலிருந்து ஏழேழாகக் கழிக்க, ஒரு வசனம் எழுதச் சொல்வார்கள். இரண்டாம் வகுப்போடு நின்ற அம்மா எப்படி எழுதுவா? 2007 இடம்பெயர்வில் மகனைப் பறிகொடுத்தவ. மனச்சோர்வும் மறதி தரும். தைரொயிட் கோளாறும் பி12 விற்றமின் குறைவும் தரும். அவற்றுக்கு மருந்து உண்டு. இரத்தம் எடுப்பது அதைப் பார்க்கத்தான்.

ஸ்கானில் ஒன்றுமில்லை என்றாலும் நோயில்லை என்றாகாது. (எங்கள் ஆட்களுக்கு ஸ்கான்தான் கடைசிச் சொல்!)

அம்மாவின் படிப்பு, இழப்பு, மறதி தொடங்கிய காலம், சமையலில் விடும் பிழை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். துண்டை எறியாதீர்கள், அடுத்த சோதனையோடு ஒப்பிட வேண்டும்.