சாளரம் இல்லாத அறையும் தூய்மைப் பாடமும்



‘தூய்மை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் குளித்தல், கைகழுவுதல், குப்பையைத் தொட்டியில் இடுதல் என்று தனிமனித ஒழுக்கத்தோடு நிறுத்திவிடுகின்றனர். நாமும் அதற்கே மதிப்பெண் வழங்குகிறோம். அது பாதிப் பாடமே என்பது என் கருத்து.

நூறாண்டுகளுக்கு முந்தைய சிங்கப்பூரில் கடைவீடுகளின் கீழ்த்தளத்தில் பட்டறைகள் நடந்தன. மேல்தளத்தில் தொழிலாளர்கள் உறங்கினர். தேக்கா வட்டாரத்தில் மாட்டுக்கொட்டில்களும் மிட்டாய்த் தொழிற்கூடங்களும் ரப்பர் புகைக்கூடமும் இருந்தன. நகராட்சிச் சுகாதார அதிகாரிகள் இத்தகைய இடங்களைச் சோதனையிட்டு, விதிமீறியவர்மீது வழக்குத் தொடுத்தனர். ஆயினும் காசநோய் குறையவில்லை. ஏன்?

கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த பேராசிரியர் சிம்சன் 1906ஆம் ஆண்டு இங்கு வந்து ஆராய்ந்தார். 1907இல் வெளிவந்த அவரது அறிக்கை கட்டடத்தையே சுட்டியது. வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. உள்ளே பலகைத் தடுப்பு அறைகளுக்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மலவாளியைக்கூட முன்வாசல் வழியாகவே தூக்கிச் செல்லவேண்டியிருந்தது. வீடுகளுக்குப் பின்னே சந்துகள் அமைக்கவேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அப்பணியையும் ஏற்றது. சந்துக்காக வீடுகளின் பின்பகுதியை இடித்தபோது, அங்கு வாழ்ந்த ஏழைகள் இடமிழந்ததையும் மறக்கலாகாது.

இது பழங்கதை அன்று. 2020 ஏப்ரலில், நம் பொங்கோலில் உள்ள வெளிநாட்டு ஊழியர் விடுதி ஒன்று கொவிட் தொற்றினால் தனிமைப்படுத்தப்பட்டது. தமிழ் பேசும் ஊழியர் பலர் இத்தகைய விடுதிகளில் வாழ்ந்தனர். அவர்களின் பழக்கவழக்கங்களைப் பழித்த குரல்களும் அன்று எழுந்தன. ஆனால் ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுக்கும்போது, எவ்வளவு கைகழுவினாலும் நோய் பரவாமல் இருக்குமா? புதிய விடுதிகளில் அறைக்குப் பன்னிருவருக்கு மேல் தங்கக்கூடாது என்ற வரையறை 2021இல் அறிவிக்கப்பட்டது. சிம்சன் சுட்டிய உண்மையை நாம் மீண்டும் கற்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

தேக்காவிற்குக் கற்றல் பயணம் செல்லும்போது, வண்ண வீடுகளோடு பின்சந்துகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ‘இந்தச் சந்து எதற்காக வந்தது?’ என்று கேளுங்கள். அழுக்கைக் கண்டவுடன் மனிதரைப் பழிக்காமல், அவருக்குக் காற்றும் நீரும் இடமும் கிடைத்தனவா என்று வினவும் பிள்ளையே தூய்மைப் பாடத்தை முழுமையாகக் கற்ற பிள்ளை.

தங்கள் கருத்து என்ன?